லோயர் கேம்ப் முதல் வைகை அணை வரை ஒரு வகுப்பு

பள்ளிச் சுற்றுலா என்றதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பது கொடைக்கானல். கொஞ்சம் வசதியான பள்ளி என்றால் ஏதாவது ஒரு தீம் பார்க். நான் சமூக அறிவியல் ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பை எங்கள் தேனி மாவட்டத்துக்குள்ளேயே அழைத்துப் போகிறவன். லோயர் கேம்பில் மலையைவிட்டு இறங்கும் தண்ணீரை, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகை அணை வரை தொடர்ந்து வருவதுதான் எங்கள் பயணம். விடியக் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு சேரலாம். "இதுக்குப் போயி டூரா சார்?" என்று முதலில் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முல்லைப் பெரியாறு அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் போனால் வயலில் பச்சையும் வாய்க்காலில் ஓட்டமும் சேர்ந்து கிடைக்கும். ஆடிக்காற்று மட்டும் இலையையும் பேப்பர் தட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடும். எவர்சில்வர் தட்டு கொண்டுவரச் சொல்லுங்கள். கார்த்திகை, மார்கழி வேண்டவே வேண்டாம். சபரிமலை வண்டிகளில் குமுளி சாலை திணறும். கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டால் உங்கள் நேரக்கணக்கு எதுவும் நிற்காது.

பணம் வசூலிக்கும்போது யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது வகுப்புத் தலைவனுக்குக்கூடத் தெரியக் கூடாது. நோட்டில் பெயர் எழுதி டிக் அடிக்கும் வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். குறைகிற தொகைக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கேட்கலாம், ஊரில் நாலு பேரைக் கேட்கலாம். பணம் இல்லாததால் ஒரு பிள்ளை நின்றுவிட்டால், அந்தச் சுற்றுலா வகுப்பைச் சேர்க்காது. இன்னும் பிரித்துவிட்டு வரும்.

குழு பிரிப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பிள்ளைகளிடம் விட்டால் வகுப்பில் ஒட்டி உட்காருகிறவர்களே பஸ்ஸிலும் ஒட்டி உட்காருவார்கள். வகுப்பில் ஒட்டி உட்காருவது பெரும்பாலும் ஒரே தெருப் பிள்ளைகள். எந்தத் தெரு யாருடையது என்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்த கணக்கு, நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் நான் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுவேன். ஐந்து பேர் ஒரு குழு. பஸ்ஸில் இருக்கையும் குழுவாரியாகத்தான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பு: ஆள் எண்ணுவது, தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி, விலை விசாரிப்பது, வழியைப் படமாக வரைவது. பொறுப்பு என்றால் ஒப்புக்குக் கொடுப்பது கூடாது. ஆள் எண்ணும் குழு சரி சொல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று டிரைவர் அண்ணனிடமே சொல்லி வைத்துவிடுவேன். அவரும் சிரிக்காமல் திரும்பி, "கிளம்பலாமா தம்பி?" என்று கேட்பார். கேட்கப்பட்ட பையனின் முதுகு நிமிர்வதைப் பார்க்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு, டான்ஸ் எல்லாம் அது பாட்டுக்கு நடக்கட்டும். ஆனால் வருஷம் முழுக்கப் பேசாத இரண்டு பேர் பேசிக்கொள்வது, இருபது லிட்டர் கேனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்போதுதான்.

லோயர் கேம்பில் மின் நிலையத்துக்குள் போக வேண்டிய அவசியமில்லை. மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள் வெளியிலிருந்தே தெரியும். மேற்கே ஓடி அரபிக் கடலில் சேர வேண்டிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய தண்ணீர் அவற்றுக்குள் வருகிறது என்று அங்கே நின்று சொன்னால், வகுப்பறையில் மூன்று பீரியட் எடுத்தும் ஏறாதது ஏறும். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் பக்கத்திலேயே இருக்கிறது. 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த அணை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கட்டுமானம். போவதற்கு முன்பே 136, 142, 152 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, வீட்டில் கேட்டு வரச் சொல்வேன். இங்கே விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவோ தாத்தாவோ சொல்லிவிடுவார்கள்: 152 அடி முழு நீர்மட்டம், 1979-ல் 136 ஆகக் குறைத்தது, 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. பென்னிகுவிக் இங்கிலாந்தில் சொத்தை விற்றுக் கட்டினார் என்ற கதையையும் யாராவது ஒரு பிள்ளை சொல்லும். உடனே மறுக்காதீர்கள். கட்டியது சென்னை மாகாண அரசு என்பதையும், அந்தக் கதையில் சர்ச்சை இருப்பதையும் சொல்லி, எது பதிவு, எது நன்றியில் வளர்ந்த கதை என்று அவர்களையே வாதாட விடுங்கள். பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்பதும் வரலாறுதானே!

சுருளி அருவிக்குப் போவதாக இருந்தால் முதல் நாளே வனத்துறையிடம் பேசிவிடுங்கள். வெள்ளம் வந்தாலும் யானை நடமாட்டம் இருந்தாலும் குளிக்க விடமாட்டார்கள். தடை என்றால் தடைதான். பிள்ளைகள் கெஞ்சினார்கள் என்று காவலரிடம் மன்றாடுகிற ஆசிரியரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் செத்தது இதே மாவட்டத்தில். 2009-ல் தேக்கடிப் படகு கவிழ்ந்து 45 பேர் போனது மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் பட்டியலில் மலையேற்றமும் இல்லை, படகும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டல் வேண்டாம். தெரிந்தவர் தோப்பில் இடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் ஐந்து பேரும் கொண்டுவந்த புளிச்சோறு, தயிர்ச்சோறு, துவையல், முட்டை எல்லாம் நடுவில் ஒரே இடத்தில் திறக்கப்பட வேண்டும். ஆளுக்கொரு டப்பாவோடு ஒதுங்கக் கூடாது. இதற்கு மட்டும் நான் கண்டிப்பு. இரண்டு வாய்க்குள் எது யார் வீட்டுச் சோறு என்பது மறந்துபோகும். ஆசிரியர்களும் ஏதாவது ஒரு குழுவோடு உட்கார வேண்டும், தனிப் பந்தி கூடாது.

பிறகு திராட்சைத் தோட்டம். சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் நிறைய. மருந்தடித்த தோட்டமா என்று முன்கூட்டியே கேளுங்கள்; கொடியிலிருந்து பறித்து வாயில் போடவே கூடாது என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். பந்தலுக்குள் வளர்ந்த பையன்கள் குனிந்தே நடக்க வேண்டும். ஒரு முறை ஒரு பெண் பழத்தைத் தடவிப் பார்க்கக் கை நீட்டினாள். தோட்டத்துப் பெரியவர் தடுத்துவிட்டார். "பழத்தத் தொடாத தாயி. மேல வெள்ளையாப் பூத்திருக்குல்ல, அது அழிஞ்சா பழசுன்னு சொல்லி வெலயக் கொறைச்சிருவான். காம்பப் பிடி." காம்பைப் பிடித்து ஒரு கொத்தை வெட்டிக் காட்டினார். கவாத்து முடிந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுப்பு, தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்பின்னாகச் செய்வதால் ஆண்டு முழுக்க எங்காவது பழம் இருக்கும் என்பதையெல்லாம் அவரே சொன்னார். 2023-ல் இந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் சொன்னேன். "அதனால வெல கூடுச்சா தாத்தா?" என்று விலை விசாரிக்கும் குழு கேட்டது. அவர் சிரித்தார். அவருக்குக் கிடைக்கும் விலையையும் எங்கள் ஊர்க் கடை விலையையும் வைத்து பஸ்ஸில் ஒரு கணக்கு ஓடியது. வண்டிக்கூலி, கழிவு, கமிஷன் என்று சண்டை போட்டுப் போட்டார்கள். கணக்கில் எப்போதும் பின்வாங்குகிற ஒருவன்தான் சந்தைக்கு அப்பாவோடு போகிறவன். அன்று அவன் சொன்னதுதான் எடுபட்டது.

வைகை அணைக்கு வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். 1959-ல் திறந்தது, 71 அடி என்பதோடு பாடத்தை நிறுத்திவிட்டுப் பூங்காவில் விளையாட விடுங்கள். அடுத்த வாரம் வழிப்படக் குழு வரைந்ததைப் பெரிய சார்ட்டில் எல்லோரும் சேர்ந்து முடிக்கட்டும். குழுக்களை உடனே கலைக்க வேண்டாம். அரையாண்டு வரை வகுப்பிலும் அப்படியே உட்கார வையுங்கள்.

மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைகை அணைத் தண்ணீர் உங்கள் மாவட்டங்களுக்கும் வருகிறது. அடுத்த சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை ஒரு முறை லோயர் கேம்புக்கு அழைத்து வாருங்கள்.