விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவது எப்படி?

சொந்த ஊரான மல்லாங்கிணற்றுக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "இந்த லேப்டாப்பை வேகமாக்க முடியுமா?" என்பதுதான். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்தான் இங்கு பல வீடுகளில் இன்றும் ஒரே கம்ப்யூட்டர். வேலைக்கான விண்ணப்பம், சான்றிதழ், குடும்பப் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எனவே எதையும் இழக்காமல் விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றும் வழியை இங்கு பார்ப்போம்.

ஏன் வேகம் கூடுகிறது?

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி செகண்ட். தேவையான தகவல் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு பைல்கள் படிக்கப்படுவதால், இந்தக் காத்திருப்பு நிமிடக் கணக்காகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. ஆனால் ராம் 2 ஜிபி மட்டுமே இருந்தால் அதையும் கூட்டினால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

தேவையானவை

2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி., அதை யு.எஸ்.பி.யில் இணைக்கும் அடாப்டர், சிறிய ஸ்குரூ டிரைவர். ஹார்ட் டிஸ்க்கில் நிரம்பியுள்ள அளவு எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவை விடக் குறைவாக இருக்க வேண்டும். முக்கியமான பைல்களை முதலில் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளுங்கள்.

செய்முறை

1. எஸ்.எஸ்.டி.யை அடாப்டர் மூலம் இணைத்து, குளோனிங் புரோகிராமைத் திறக்கவும். சில எஸ்.எஸ்.டி. நிறுவனங்கள் தங்கள் டிரைவ்களுக்கு இதை இலவசமாகத் தருகின்றன.

2. எதிலிருந்து, எதற்கு என இரண்டு டிஸ்க்குகளைக் கேட்கும். இங்குதான் முழுக் கவனம் தேவை. 'எதற்கு' என்று காட்டும் டிஸ்க் முழுவதும் அழிக்கப்படும். பெயரையும் கொள்ளளவையும் இருமுறை சரிபார்த்த பின்னரே ஓகே கொடுக்கவும்.

3. லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் இருந்தால் விண்டோஸை மட்டும் நகர்த்த வேண்டாம்; முழு டிஸ்க்கையும் குளோன் செய்யவும். இல்லையேல் பூட் மெனு செயல்படாமல் போகலாம்.

4. சார்ஜரை இணைத்தே வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பயப்பட வேண்டாம். பழைய டிஸ்க் படிக்கப்படுகிறதே தவிர எழுதப்படுவதில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

5. முடிந்ததும் ஷட் டவுன் செய்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தவும். முதல்முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் இணைந்திருக்கக் கூடாது.

மாற்றிய பின்

பழைய டிஸ்க்கை உடனே பார்மட் செய்யாதீர்கள். ஒரு மாதம் அப்படியே பத்திரமாக வையுங்கள். எஸ்.எஸ்.டி.யில் அழிந்த பைலைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். எனவே பிறகும் அதே டிஸ்க்கை பேக்கப்பிற்குப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது. எஸ்.எஸ்.டி. வேகத்தைத்தான் தரும், பாதுகாப்பை அல்ல. பழைய விண்டோஸில் பேங்க் வேலைகளைத் தவிர்ப்பது நல்லது.