துரிசும் சுண்ணாம்பும்: ஒரு வினைபொருட் கணக்கு

நெய்யாறு அணைக்கு அருகிலுள்ள கள்ளிக்காடு முதலிய ஊர்களிலும், எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பகுதியிலும் ரப்பர் பயிராகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர் ரப்பர் இலைகளைத் தாக்கி அகாலத்தில் உதிரச் செய்யும். இதைத் தடுக்க, மழைக்கு முன்னரே போர்டோக் கலவையைத் தெளிப்பதுண்டு. பிரெஞ்சு நாட்டுத் தாவரவியலறிஞர் மில்லார்டே, திராட்சைக் கொடியின் நோய்க்கு மருந்தென 1885-ஆம் ஆண்டில் வெளியிட்ட கலவையே இது.

ஒரு சதவீதக் கலவைக்குத் துரிசு 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர் என்பது பழைய விதி. எடைகள் சமமாயிருத்தலால் இரண்டும் மிச்சமின்றி வினைபுரியும் என மாணவர் கருதக்கூடும். அது தவறு. பொருள்கள் எடைக்கு எடை வினைபுரிவதில்லை. மூலக்கூறுக்கு மூலக்கூறு வினைபுரிகின்றன. ஆகவே முதற்கண் எடையை மோல் எண்ணாக மாற்றல் வேண்டும்.

துரிசு என்பது ஐந்து மூலக்கூறு நீரைக் கொண்ட தாமிர சல்பேட்டுப் படிகம். அதன் ஒரு மோலின் எடை ஏறத்தாழ 250 கிராம். இதில் 90 கிராம் நீரேயாம். இந்நீரை மறந்து 160 எனக் கொள்வோர் பலர். அவர்தம் கணக்கு அடியிலேயே பிழையாகிவிடும். எனவே 1 கிலோ துரிசில் 4 மோல் உண்டு. சுட்ட சுண்ணாம்பாகிய கால்சியம் ஆக்சைடின் ஒரு மோல் 56 கிராம். நீரில் நீறியபின் அதன் ஒரு மோல், தாமிர சல்பேட்டு ஒரு மோலுடன் வினைபுரிந்து, தாமிர ஹைட்ராக்சைடு ஒரு மோலையும் கால்சியம் சல்பேட்டு ஒரு மோலையும் தரும். ஆகவே 4 மோல் துரிசுக்குத் தேவைப்படுவது 224 கிராம் சுண்ணாம்பே. ஒரு கிலோவில் இருப்பதோ 17.9 மோல்! இங்கே முதலில் தீர்வது துரிசு. விளைபொருளின் அளவை வரையறுப்பதும் அதுவே. கிடைக்கும் தாமிர ஹைட்ராக்சைடு 4 மோல், அதாவது 390 கிராம்.

சுண்ணாம்பை 400 கிராமாகக் குறைப்பினும், அது தூயதாயின் 7.1 மோல் இருக்கும். எடையிற் குறைந்த பொருளே முதலில் தீரும் என்ற எண்ணம் இங்குப் பொய்த்துப் போகிறது.

ஆனால் கடைச்சுண்ணாம்பு எப்போதும் தூயதன்று. காற்றுப்பட நெடுநாள் கிடந்தால், கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் இயல்பை அடைந்துவிடும். அந்த 400 கிராமில் 35 சதவீதமே கெடாதிருப்பதாகக் கொள்வோம். அது 140 கிராம்; 2.5 மோல். இப்போது நிலைமை தலைகீழாகிறது. சுண்ணாம்பு முதலில் தீர்ந்துவிடும். தாமிர ஹைட்ராக்சைடு 244 கிராமே உண்டாகும், 1.5 மோல் துரிசு, அதாவது 375 கிராம், நீரில் கரைந்தபடி எஞ்சும். உண்மையில் தாமிரத்தின் கார சல்பேட்டும் படிவதால் மிச்சம் இதனினும் குறையும், முற்றும் நீங்காது. கெடுதி இந்த மிச்சத்தால்தான். கரைந்த தாமிரம் இளம் இலையைக் கருக்கும். எனவேதான் பழைய விதி சுண்ணாம்பைத் தேவைக்குப் பன்மடங்கு மிகுத்துக் கூறியது, அது வீண்செலவன்று.

ஈரினும் ஒரு மோலுக்கு ஒரு மோல் வினைபுரிவதால் இக்கணக்கு எளிதாயிற்று. வேறு வினைகளில், ஒவ்வொரு பொருளின் மோல் எண்ணையும் சமன்பாட்டில் அதற்குரிய கெழுவால் வகுத்தபின் ஒப்பிட வேண்டும். எது சிறிதோ அதுவே முதலில் தீரும்.

தோட்டத்தில் தராசும் சமன்பாடும் இல்லாவிடினும், தீர்ந்தது எதுவெனக் காணலாம். துருவற்ற இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் கலவையில் தோய்த்தெடுக்க வேண்டும். துரிசு எஞ்சியிருப்பின் இரும்பு கரைந்து, அதன் இடத்தில் தாமிரம் செந்நிறமாகப் படியும். அப்போது சுண்ணாம்புப் பாலை மேலும் ஊற்றிக் கலக்கி, கத்தியைத் துடைத்து மீண்டும் தோய்த்துப் பார்ப்பர்.