இறால் குளத்தில் பிராணவாயு மீட்டர்: உப்பைக் கவனியுங்கள்

இறால் குளத்தில் பிராணவாயு மிகவும் குறைவது விடியற்காலையில். பகலில் பாசி அதை வெளியிடுகிறது. இரவில் பாசி, இறால், அடிச்சேறு மூன்றுமே அதை உட்கொள்கின்றன. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. அந்த நேரத்தில் மீட்டர் தவறாகக் காட்டினால் பல மாத உழைப்பு ஓர் இரவில் வீணாகும்.

கருவியின் அமைப்பு

இவ்வகைக் கருவியை அமெரிக்க அறிஞர் லேலண்ட் கிளார்க் 1956-ல் வெளியிட்டார். 1962-ல் அதன்மேல் என்சைம் சேர்த்து இரத்தச் சர்க்கரையை அளக்க வழி கண்டார். பயோசென்சார் எனும் சிறு கருவிகளுக்கு அதுவே தொடக்கம். மீட்டரின் முனையிலுள்ள மெல்லிய சவ்வு வழியே பிராணவாயு உட்புகுந்து சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரமே அளவாகத் தெரிகிறது.

உப்பும் வெப்பமும்

வெப்பமும் உப்பும் ஏற ஏற, நீரில் கரையும் பிராணவாயு குறையும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஏற்கும்; கடல்நீர் சுமார் 6.2 தான் ஏற்கும். வெப்பத்தைப் பல மீட்டர்கள் தாமே சரிசெய்துகொள்ளும். உப்பின் அளவை நாம்தான் பல கருவிகளில் பதிக்க வேண்டும். கடல்நீர் நிரம்பிய குளத்தில் உப்பைப் பூஜ்யமாக விட்டுவிட்டால், உண்மையில் 3.5 இருக்கும்போது மீட்டர் 4.2 என்று காட்டும். பயமில்லை என்று ஏரேட்டரை நிறுத்தி வைப்போம். இறால் மேலே வந்து தத்தளிக்கும்.

முட்டுக்காடு முதல் மாமல்லபுரத்திற்குத் தெற்கு வரையுள்ள செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, நீர் ஆவியாகி உப்பு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்கும். ஆகவே ஒரு முறை பதித்த அளவு ஆண்டு முழுவதும் பொருந்தாது.

கவனிக்க வேண்டியவை

1. ரிஃப்ராக்டோமீட்டரால் உப்பை அடிக்கடி அளந்து, அதை மீட்டரில் பதிக்கவும்.

2. மீட்டரை வெயிலில் வைத்துச் சரிபார்க்க வேண்டாம். நிழலில், ஈரக் காற்றில் செய்யவும்.

3. முனையை நீருக்குள் மெதுவாக அசைக்கவும். எண் நிலைத்த பிறகே குறிக்கவும்.

4. சவ்வில் பாசி படிந்தால் அளவு குறைவாகத் தெரியும். மெல்லிய துணியால் துடைக்கவும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தாலோ, சவ்வு கிழிந்தாலோ மாற்றவும்.

5. அழுகிய முட்டை நாற்றமுள்ள கருஞ்சேற்றில் முனையை அழுத்த வேண்டாம். அந்த வாயு உள்ளிருக்கும் வெள்ளியைக் கெடுக்கும்.

ஒளியால் அளக்கும் புதிய மீட்டரை அசைக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கும் உப்பின் அளவு தெரிய வேண்டும். உவர்நீர் மீன் வளர்ப்பு மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் முட்டுக்காடு பரிசோதனைப் பண்ணை அருகிலேயே உள்ளது, ஐயமிருந்தால் கேட்டறியலாம். மீட்டர் எது சொன்னாலும், விடியலில் குளக்கரையை ஒரு சுற்று வந்து இறாலையும் பார்ப்பது நலம்.