எண்ணெயும் இரண்டு பணமும்



நல்ல சமாரியனைப் பற்றிப் பேசும்போது, அவன் காயம் கட்டிய லூக்கா 10:34-ஓடு நாம் பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளுகிறோம். அடுத்த வசனம் மறுநாளைப் பற்றியது. சத்திரக்காரன் கையில் அவன் கொடுத்த இரண்டு பணம், மத்தேயு 20:2-இன்படி ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். அதற்கு மேலாகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றுக்கொண்டான். ஆறாத கால் புண்ணோடு நம் மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு இந்த மறுநாள்தான் பெரிய காரியம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன்பும், பூந்தமல்லி ஓட்டல்களில் பரோட்டாக் கல்லின் முன்பும் நாள் முழுவதும் நிற்கிறவர்கள், பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள், "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று சொல்லி வருவார்கள். சுருண்டிருப்பது நரம்பல்ல, இரத்தத்தை இருதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய். இரத்தம் கீழே இறங்கிவிடாதபடி அதற்குள் சிறு கதவுகள் போன்ற வால்வுகளைத் தேவன் அமைத்திருக்கிறார். 1628-இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் இரத்த ஓட்டத்தை விளக்கியபோது இந்த வால்வுகளையும் சான்றாகக் காட்டினார். அவை பழுதானால் இரத்தம் காலில் தேங்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறத்தில் தோல் கறுத்துத் தடிக்கும். அங்கே ஒரு சிறு கீறல் போதும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீர் கசியும். நாற்றத்துக்கு வெட்கப்பட்டு ஆலயத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய், பிறகு வராமலே நின்றுவிடுகிறவர்களும் உண்டு.

களிம்பை மாற்றி மாற்றிப் பூசிப் பயனில்லை, தேக்கம் நீங்கவேண்டும். பாதத்துக்கு இரத்தம் சரியாக வருகிறதா என்று முதலில் பார்த்து, விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை அழுத்தக் கட்டுப் போடுகிறார்கள். (வருகிற இரத்தமே குறைவாயிருந்தால் இறுக்கிக் கட்டுவது ஆபத்து; வீட்டில் யாரும் தாமாகச் செய்யவேண்டாம்.) படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயர்ந்திருக்கவேண்டும். கட்டோடுகூடப் பழுதான குழாயையும் சீக்கிரமாய் அடைத்துவிடுவது நல்லது. 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில் 450 பேர் பங்கு பெற்றனர். குழாயை உடனே அடைத்தவர்களில் பாதிப்பேருக்குப் புண் 56 நாளில் ஆறியது. தாமதித்தவர்களில் பாதிப்பேருக்கு ஆற 82 நாள் ஆயிற்று.

ஆறினபின்தான் மறுநாள் தொடங்குகிறது. மறுபடியும் எட்டு மணி நேரம் நின்றால் புண் திரும்பிவிடக்கூடும். ஆகவே பகலெல்லாம் அழுத்தக் காலுறை அணியவேண்டும். அதுவும் சுமார் 6 மாதத்தில் நெகிழ்ந்துவிடும், புதிது வாங்கவேண்டும். தினக்கூலிக்காரர் இங்கேதான் நின்றுவிடுகிறார். கட்டிலுக்கும் கட்டடத்துக்கும் மனமுவந்து கொடுக்கிறீர்கள், அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். காலுறையில் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்க இடமில்லைதான். ஆனாலும், அடுத்த காணிக்கையில் ஒரு பகுதியை "காலுறைக்கு" என்று குறித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.