ஆண் குழந்தை பிறக்க மருந்து உண்டா?

"டாக்டரய்யா, மருமகளுக்கு இது ரெண்டாம் மாசம். மூத்தது ரெண்டும் பொண்ணு. இந்தத் தடவையாவது ஆம்பளப் புள்ளையா பொறக்க சித்த வைத்தியத்துல மருந்து இருக்காமே?"

மாமியார்தான் கேட்டார். மருமகள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். இந்தக் கேள்வி இன்னும் நின்றபாடில்லை. அப்படி ஒரு மருந்து எந்த வைத்திய முறையிலும் கிடையாது. பெண்ணின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான். அதோடு சேரும் விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். கரு உண்டான அந்தக் கணத்திலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து விழுங்கும் உருண்டை அதை எப்படி மாற்றும்?

"திருமந்திரத்தில் மூச்சை வைத்துச் சொல்லியிருக்கிறதே" என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். சொல்லியிருக்கிறதுதான். ஆனால் உரைகளைப் புரட்டிப் பாருங்கள். அங்கேயும் கணக்கில் வருவது ஆணின் மூச்சு! பழி மட்டும் எப்படியோ பெண் தலையில் விழுந்துவிட்டது.

பலன் இல்லை என்பதோடு போகவில்லை. ஹரியானாவில் நடந்த ஆய்வுகளில், இந்த 'ஆண் பிள்ளை மருந்து' சாப்பிட்ட தாய்மார்களுக்குக் குழந்தை இறந்து பிறப்பதும், பிறவிக் குறையோடு பிறப்பதும் கூடுதலாகக் காணப்பட்டது.

சரி, மருந்து பலிக்காதபோது என்ன செய்கிறார்கள்? ஸ்கேன், கருக்கலைப்பு என்று போகிறார்கள். ஒரு வீட்டு ஆசை ஊர் ஆசையானால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா சாட்சி.

இயற்கையில் 100 பெண் குழந்தை பிறந்தால் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கும். ஆண் சிசுக்கள் சற்று அதிகமாக இறப்பதால் வளர வளரக் கணக்கு சரியாகிவிடும். சீனாவிலோ 2004-ல் இது 121-ஐத் தொட்டது. 1980 வாக்கில் வந்த 'ஒரு குழந்தை' சட்டம் 2015 வரை நீடித்தது. அதில் ஒரு வேடிக்கை. பல மாகாணங்களின் கிராமங்களில், முதல் குழந்தை பெண்ணாக இருந்தால் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று விலக்கு கொடுத்தார்கள். பெண் முழுக் குழந்தை இல்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரிதானே! 2020 கணக்கெடுப்பில் பெண்களைவிட ஆண்கள் ஏறக்குறைய மூன்றரைக் கோடி பேர் அதிகம்.

"பெண் குறைந்தால் மதிப்பு கூடும், வரதட்சணை ஒழியும்" என்று படித்தவர்களே என்னிடம் வாதாடியதுண்டு. கூடியது மதிப்பு அல்ல, விலை. சீன எல்லையை ஒட்டிய பர்மாவின் கச்சின், வட ஷான் பகுதிகளில் உள்நாட்டுச் சண்டை. பிழைக்க வழியில்லாத பெண்களுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப் போய், சீனக் குடும்பங்களுக்கு விற்றார்கள். சில சமயம் விற்றது தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள்! 2019-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறையில் பூட்டி வைத்து, கர்ப்பமாகும் வரை பலாத்காரம். பெற்றுக் கொடுத்த பிறகு சிலரை ஊருக்குப் போக விட்டார்கள், குழந்தையை விட்டுவிட்டு.

நம் நாடு என்ன ஒசத்தி? 2001 கணக்கெடுப்பின்படி ஹரியானாவில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 819 பேர்தான். அங்கே அஸ்ஸாம், வங்காளம், பீகாரிலிருந்து மணப்பெண்கள் தரகர் மூலம் வருகிறார்கள். எல்லாமே கடத்தல் இல்லை. ஏழைப் பெற்றோர் சம்மதித்து நடக்கும் கல்யாணமும் உண்டு. ஆனாலும் ஊரார் அந்தப் பெண்ணைக் கூப்பிடும் பெயர் 'மோல்கி'. அதாவது, விலைக்கு வாங்கப்பட்டவள்.

தமிழ்நாட்டில் அதே 2001-ல் சேலம் மாவட்டத்தின் கணக்கு 851. கள்ளிப்பால் கதைகள் நமக்குப் புதிதல்ல. 1992-ல் அங்கே தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பல உயிர்களைக் காப்பாற்றிய திட்டம், மறுக்கவில்லை. ஆனால் 'வேண்டாத பெண்ணைத் தொட்டிலில் போட்டுவிடலாம்' என்பதும் ஒரு பாடமாகப் போய்விடுமோ என்ற நெருடல் எனக்கு உண்டு. 2011-ல் சேலம் 900-ஐத் தாண்டியது ஆறுதல்.

தென்கொரியாவைப் பாருங்கள். 1990-ல் அங்கே 100 பெண்ணுக்கு 116 ஆண் பிறந்தது. கருவின் பாலினம் சொல்வதற்கு 1987-லேயே தடை போட்டிருந்தார்கள். அது மட்டும் போதவில்லை. பெண்கள் படித்தார்கள், சம்பாதித்தார்கள். ஆணையே குடும்பத் தலைவனாக வைத்த சட்டத்தை 2005-ல் ரத்து செய்து, 2008-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2007 வாக்கிலேயே கணக்கு இயற்கை அளவுக்குத் திரும்பிவிட்டது.

இதையெல்லாம் அந்த மாமியாரிடம் சொல்லவில்லை. குரோமோசோம் கணக்கை மட்டும் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். "அப்ப எல்லாம் எம் மவன்கிட்டதான் இருக்கா?" என்றார். மருமகள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். ரத்தம் குறைவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லி, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் சேர்க்கச் சொன்னேன்.

உங்கள் வீட்டில் யாராவது ஸ்கேனுக்கு வற்புறுத்தினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1994-ம் வருடச் சட்டப்படி கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் குற்றம். முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை ஜெயில். ஆனால் கர்ப்பிணியைக் கணவனும் உறவினர்களும்தான் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.