அந்தச் சீட்டை எறியாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"காசே வாங்கலையே, அப்புறம் எதுக்கு அத்தை டிக்கெட் குடுக்கிறாங்க?" என்று போனில் கேட்டாய். சீட்டைக் கசக்கி ஜன்னல் வழியே போட்டதையும் சொன்னாய். இனி போடாதே.

2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் தமிழ்நாட்டு முதல்வரானதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போகலாம் என்ற உத்தரவு. நீ கொடுக்காத காசை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுதான் கணக்கு. இதற்கு முதலில் 1,200 கோடி ரூபாய் ஆகும் என்றார்கள். 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ஒதுக்கினார்கள். நீ சோப்பு வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியும் அதற்குள் இருக்கிறது.

இவ்வளவு செலவு தகுமா என்று உன் வகுப்பில் சண்டை நடந்ததாமே. பகல் பதினொரு மணிக்குப் பாதி காலியாகப் போகும் பஸ்ஸில் நீ ஏறினால் டீசல் செலவும் ஏறாது, ஓட்டுநர் சம்பளமும் ஏறாது. காலை எட்டரை மணிக் கூட்டம் அப்படியில்லை. அதற்கு இன்னொரு பஸ் விட வேண்டும். வண்டி, ஆள், டீசல் எல்லாமே புதுச் செலவு. அந்தப் பஸ்ஸை விடாமல் இலவசம் என்று மட்டும் சொன்னால், முக்கால் மணி நேரம் காத்து நின்று கடைசியில் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுப்பவளுக்கு என்ன லாபம்? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எஸ்டோனியாவின் தலைநகர் தாலின், 2013 முதல் தன் ஊர்க்காரர்களுக்குப் பேருந்தையும் டிராமையும் இலவசமாக்கியது. ஊரில் பெயரைப் பதிந்தவர்களுக்கே சலுகை. பதிந்தவர் கட்டும் வருமான வரியில் ஒரு பங்கு நகராட்சிக்கு வரும் என்பதால், புதிதாகப் பதிந்தவர்கள் மூலம் செலவில் ஒரு பகுதி திரும்பியது. கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் கார்க்காரர்களை இழுக்க நினைத்தால், நடந்து போய்க்கொண்டிருந்தவர்களும் நிறையப் பேர் ஏறிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் குறைபட்டார்கள்.

அந்தக் குறையை நம் ஊரில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் அப்பாயி பஸ் காசை மிச்சம் பிடிக்கவே சந்தையிலிருந்து கூடையைச் சுமந்து நடந்தவள். பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. நடந்தே பழகியவளின் முழங்கால் வலி அந்தக் கணக்கில் வராது. போன சனிக்கிழமை அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சீட்டைச் சுருக்குப் பையில் பத்திரமாக வைத்திருந்தாள்.

அன்புடன்,
உன் அத்தை