உணர்ச்சியற்ற தேமல்

மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருக்கிறது. தொழுநோய் கண்டவர்களை வீட்டாரிடமிருந்து பிரித்து, தோணியில் ஏற்றி அங்கு கொண்டுபோய் விட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் இன்னும் எம்மை விட்டுப் போகவில்லை. உடம்பில் தேமல் கண்டால் சட்டைக்குள் மறைக்கிறோம். குமர்ப்பிள்ளை உள்ள வீடானால் சொல்லவே வேண்டாம். அப்படி மறைக்கும் மாதங்களில்தான் நரம்பு கெட்டு விரல் மடங்குகிறது.

1995இல் இலங்கையில் இந்நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலும் குறைந்தது. ஆனால் ஒழியவில்லை. எமது மாவட்டத்தில் அதன் பின்னரும் புதிய நோயாளர், பிள்ளைகள் உட்பட, கண்டுபிடிக்கப்பட்டு வருகின்றனர்.

தொழுநோய்த் தேமல் வெளிறியோ சிவந்தோ இருக்கும். பெரும்பாலும் சொறியாது, நோகாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். சந்தேகமானால் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சைத் திரித்து, முதலில் நல்ல தோலிலும் பின்பு தேமலிலும் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். தேமலில் தொட்டது தெரியாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உணர்ச்சி இருந்தாலும், மாதக்கணக்கில் மாறாத தேமல், தடித்த காதுமடல், உதிரும் புருவம், கை கால் விறைப்பு, தாக்கத்தி பிடிக்கும் கையில் பலக்குறைவு ஆகியவற்றையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இது பாவத்தின் தண்டனை அல்ல. 1873இல் நோர்வே வைத்தியர் ஹன்சன் இதன் கிருமியைக் கண்டறிந்தார். லேவியர் நூல் சுவரில் பிடிக்கும் பூஞ்சணத்தையும் தொழுநோய் என்றே சொல்கிறது. அதை வைத்துப் பயமுறுத்திப் பிரசங்கித்த குற்றம் எம் போன்ற குருக்களுக்கும் உண்டு. நோயாளியுடன் நெடுங்காலம் நெருங்கி வாழ்வோருக்கு மூச்சுவழியாகத் தொற்றலாம். பெரும்பாலானோர் உடம்பு அதை எதிர்த்துவிடும். கிருமி ஐந்து வருடம், சிலவேளை இருபது வருடம்கூட, வெளித்தெரியாமல் இருக்கும். ஆகவே ஒருவருக்கு நோய் கண்டால் வீட்டார் அனைவரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டு மருந்து 1983 முதல் இலங்கையில் உண்டு, இலவசம். நோயின் வகைக்கேற்ப ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். மருந்து தொடங்கிய சிறிது நாட்களிலேயே பிறருக்குத் தொற்றாது. பிரித்து வைக்கத் தேவையில்லை. சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கலாம், பயப்படாதீர்கள். தேமல் திடீரெனச் சிவந்து வீங்கினால், நரம்பு வலித்தால், மருந்தை நிறுத்தாமல் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

இடம்பெயர்ந்து வாழும் எமக்குள்ள ஆபத்து, மருந்து நடுவில் நின்றுபோவதே. 1990இலும் 2006, 2007இலும் ஓடியபோது எதை எடுக்க நேரம் இருந்தது? கிளினிக் கொப்பியையும் மருந்து மட்டையையும் காணி உறுதி, அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். போன இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டினால் தொடரலாம்.

கிருமி செத்தாலும், போன உணர்ச்சி எல்லோருக்கும் திரும்புவதில்லை. அது வாழ்நாள் வேலை. வயலால் வந்ததும் கால்களை இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, ஈரத்தோடு தேங்காயெண்ணெய் பூசுங்கள். அடுப்புச் சட்டியைத் துணியின்றித் தொடாதீர்கள். முள்ளோ சிப்பியோ கிழித்தது தெரியாமலே நடந்து புண் ஆழமாகும். அதனால் வலி சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும். தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாத முதியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம், அல்லது ஒரு சிறு முகக்கண்ணாடி போதும்.